கரஸ் படிப்பும் கைபேசிப் படிப்பும்

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில் நடந்த அரசு விழாவில், மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தை அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். ஏரியும் சிட்கோ தொழிற்பேட்டையும் உள்ள ஊர் அது. அதற்கடுத்த மாதம், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் செபாஸ்டியன் த்ருன், பீட்டர் நார்விக் இருவரும் நடத்திய செயற்கை நுண்ணறிவுப் பாடம் இணையத்தில் உலகம் முழுமைக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. ஏறத்தாழ 1,60,000 பேர் அதில் பெயர் பதிந்தார்கள். இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனாலும் பாடமும் அதைப் பார்க்கும் கருவியும் ஒரே பருவத்தில் சாதாரண மக்களின் கைக்கு வரத் தொடங்கின. பெருந்திரள் திறந்த இணையவழிப் பாடம் என்று நீட்டியும், ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘மூக்’ என்று சுருக்கியும் சொல்லப்படும் இந்தப் படிப்பு முறையின் கதையைப் பலரும் அந்த ஆண்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைகளின் பக்கமிருந்து பார்த்தால் அந்தக் கதை இன்னும் பழையது. வகுப்பறைக்கு வராமலே படிக்கும் மாணவர் நமக்குப் புதியவரல்லர். தனித்தேர்வர் என்றும், டுடோரியல் மாணவர் என்றும், கரஸில், அதாவது அஞ்சல்வழியில், படிப்பவர் என்றும் தலைமுறைக்கு ஒரு பெயரில் அவர் இங்கே இருந்துகொண்டேதான் வந்திருக்கிறார். அவருடைய வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. பாடத்தை வீடுவரை கொண்டுசேர்ப்பது எப்போதும் எளிய வேலையாகவே இருந்திருக்கிறது. படிப்பு முடிவதும் பாதியில் நிற்பதும் வேறு நான்கு விஷயங்களைப் பொறுத்தவை: உட்கார்ந்து படிக்க ஓர் இடம், தள்ளிப்போட முடியாத ஒரு தேதி, சந்தேகம் கேட்க ஓர் ஆள், முடித்தபின் அதற்கு ஊரும் ஆலையும் தரும் மதிப்பு. இந்த நான்கும் கூடிய இடங்களில் உழைப்பாளிகள் படித்து முடித்திருக்கிறார்கள். இன்றைய இணையப் பாடத்தையும் இந்த அளவுகோலைக் கொண்டுதான் அளக்க வேண்டும் என்பது என் வாதம்.

1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அது பாடம் நடத்தும் இடமாக இருக்கவில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைக்கப்பட்ட அது, தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கும் அமைப்பாகவே தன் முதல் அரை நூற்றாண்டைக் கழித்தது. கற்பது ஓரிடம், தேர்வு வேறிடம் என்ற பிரிவினை அப்போதே நம் கல்வியில் ஏறிவிட்டது. அந்தப் பிரிவினை தந்த இடைவெளியில் நுழைந்தவர்கள்தான் தனித்தேர்வர்கள். தமிழ் வித்துவான் தேர்வை அப்படித் தனியாக எழுதித் தமிழாசிரியர் ஆனவர்கள் பலர். அவர்களில் ஒருவர் மு. வரதராசன். திருப்பத்தூர் வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, உடல்நலம் கெட்டு வேலையை விட்டவர். முருகைய முதலியாரிடம் தமிழ் கற்று, 1935-ல் வித்துவான் தேர்வைத் தனியாக எழுதி மாநிலத்தில் முதலாவதாகத் தேறினார். திருப்பனந்தாள் மடத்தின் ஆயிரம் ரூபாய் பரிசும் அவருக்குக் கிடைத்தது. தனித்தேர்வர் என்ற சொல்லில் ‘தனி’ இருந்தாலும் அவர் தனியாகப் படிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஊரில் ஓர் ஆசிரியர் இருந்தார், தேர்வுக்கு ஒரு நாள் குறித்திருந்தது, தேறியவருக்குப் பள்ளியில் வேலை இருந்தது. அதே மு.வ. 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பொறுப்பேற்றார். அந்த ஆண்டில்தான் அப்பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது.

இந்தியாவில் அஞ்சல்வழிக் கல்வி 1962-ல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. தமிழ்நாட்டில் மதுரையைத் தொடர்ந்து 1979-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் 1981-ல் சென்னைப் பல்கலைக்கழகமும் அதில் இறங்கின. இதே கால்நூற்றாண்டில்தான் சென்னைக்கு வடக்கும் மேற்கும் ஆலை நிலமாக மாறின. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1960-களில் எழுந்தது. 1971-ல் சிப்காட் உருவாகி, பின்னர் கும்மிடிப்பூண்டியிலும் தொழில் வளாகம் அமைத்தது. சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கும் திருவள்ளூருக்கும் போகும் பாதைகள் இரண்டும் 1979-ல் மின்மயமாயின. பள்ளிப் படிப்போடு நின்றவர், ஐடிஐ முடித்தவர், டிப்ளமா வாங்கியவர் என்று ஒரு புதிய உழைக்கும் கூட்டம் இந்த மின்ரயில்களில் ஏறியது. அவர்களுக்குக் கல்லூரி வாசல் ஏற்கெனவே சாத்தப்பட்டிருந்தது, ஆனால் பட்டத்தின் தேவை குறையவில்லை. மேற்பார்வையாளர் பதவிக்கும், அரசு வேலைக்கான விண்ணப்பத்துக்கும், சில சமயம் பெண் பார்க்கப் போகும் வீட்டில் சொல்லவும் ஒரு பி.ஏ., ஒரு பி.காம். வேண்டியிருந்தது. ‘கரஸ்ல படிக்கிறேன்’ என்ற வாக்கியம் தமிழில் குடியேறியது அந்தக் காலத்தில்தான்.

கரஸ் படிப்பு எப்படி நடந்தது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். தபால்காரர் கொண்டுவரும் கட்டில் பாடப் புத்தகங்கள் இருக்கும், மெல்லிய தாளில் நெருக்கி அச்சடித்தவை. பிரிக்கப்படாமலே அலமாரிக்குப் போன கட்டுகள் ஏராளம். படிப்பு உண்மையில் உயிர் பெற்றது இரண்டு சந்தர்ப்பங்களில். ஒன்று, விடுமுறை நாள்களில் ஏதாவது ஒரு கல்லூரியை வாடகைக்கு எடுத்து நடத்தப்படும் தொடர்பு வகுப்பு. அங்கேதான் மாணவர் தன்னைப் போன்ற இன்னொருவரைப் பார்த்தார், நோட்ஸ் மாற்றிக்கொண்டார், போன ஆண்டு வந்த கேள்விகளைத் தெரிந்துகொண்டார். இன்னொன்று, தேர்வு அறிவிப்பு. பணம் கட்டக் கடைசி நாள் வந்ததும் கட்டு பிரிந்தது, ஓவர்டைம் நின்றது, வீட்டில் தொலைக்காட்சியின் சத்தம் குறைந்தது. அரியர் வைத்தவர்கள் மறுபடி எழுதினார்கள். மூன்றாண்டுப் படிப்பை ஆறு ஆண்டில் முடித்தவர்களும் உண்டு. முடித்தார்கள் என்பதுதான் இதில் முக்கியம். புத்தகக் கட்டு தராத உந்துதலைத் தேதியும் கூட்டமும் தந்தன.

அடுத்து வந்தது ஒளிபரப்பு. 1984 ஆகஸ்டில் பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷன் வழியே நாடு தழுவிய வகுப்பறை என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பிறந்தது, 2002-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 2003-ல் ஐஐடிகள் ஏழும் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து என்பிடெல் திட்டத்தை ஆரம்பித்தன. சென்னை ஐஐடி அதன் மையமாக இருந்தது. நுழைவுத் தேர்வில் ஆயிரக்கணக்கானவரைத் தள்ளிவிடும் அந்த வளாகத்தின் வகுப்புகள் காணொளியாக வெளியே வந்தன. ஆனால் அடுத்த பத்தாண்டு அவை ஒரு பெரிய நூலகம் போலவே கிடந்தன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், யாரும் யாரையும் எதுவும் கேட்க மாட்டார்கள். 2014-ல் என்பிடெல் சான்றிதழ்ப் பாடங்களைத் தொடங்கியபோதுதான் காணொளி படிப்பாக மாறியது. 2016-ல் ஜியோ வந்தபின் டேட்டா மலிந்தது. 2017 ஜூலையில் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி ‘ஸ்வயம்’ இணையப் பாடத் தளத்தைத் தொடங்கிவைத்தார்.

என்பிடெல் பாடத்தின் விதிகளைக் கரஸ் படிப்போடு ஒப்பிட்டால், பழைய பாடத்தைப் புதியவர்கள் சரியாகக் கற்றிருப்பது புலப்படும். சேர்வதற்குக் கட்டணம் இல்லை. 4, 8 அல்லது 12 வாரங்கள் பாடம் நடக்கும். வாரம் ஒரு வினாத்தொகுப்பு, அதற்குக் கெடு உண்டு. சான்றிதழ் வேண்டுமென்றால் ஆயிரம் ரூபாய் கட்டி, குறித்த ஊரில் குறித்த நாளில் கண்காணிப்பாளர் முன் தேர்வெழுத வேண்டும். வாரப் பயிற்சிக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. பன்னிரண்டு வாரப் பாடத்தில் சிறந்த எட்டு வாரங்களை மட்டும் கணக்கில் எடுப்பார்கள். இந்தக் கடைசி விதியை கும்மிடிப்பூண்டியிலிருந்து படித்தால் அதன் அருமை தெரியும். அங்கே காலை 6, பகல் 2, இரவு 10 என்று மூன்று ஷிப்ட், வாரம் ஒன்றாக மாறும். பன்னிரண்டு வாரத்தில் நான்கு வாரம் நைட் ஷிப்ட் விழும். இரவெல்லாம் உலை முன் நின்றவர் அந்த நான்கு வாரத்தைக் கோட்டைவிட்டாலும் மீதி எட்டில் கரையேறலாம். தொழிலாளியை நினைத்து இந்த விதி எழுதப்பட்டிருக்காது, ஆனாலும் அவருக்கு இது பொருந்துகிறது. தேர்வு நாளில்தான் பொருத்தம் உடைகிறது. தேர்வுகள் சனி, ஞாயிறுகளில் நடக்கின்றன. தொடர்ந்து ஓடும் ஆலையில் வார விடுப்பு எல்லோருக்கும் ஞாயிறாக அமைவதில்லை, காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு ஒரு நாள் விடுப்பு என்றால் ஒரு நாள் கூலி போயிற்று.

மூக் பாடங்களைப் பற்றி முதலில் சொல்லப்படும் குறை, சேர்பவர்கள் முடிப்பதில்லை என்பது. குறை உண்மைதான். ஸ்டான்ஃபோர்டின் அந்த முதல் பாடத்தை முடித்தவர்கள் ஏறத்தாழ 23,000 பேர், அதாவது ஏழு பேரில் ஒருவர். எம்ஐடியும் ஹார்வர்டும் நடத்திய பாடங்களின் தரவுகளை ஆராய்ந்து 2019-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான கட்டுரை, 2017-18-ல் முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் சொச்சம்தான் என்று கண்டது. அதே ஆண்டில் பணம் கட்டிச் சான்றிதழ் வழியைத் தேர்ந்தவர்களில் 46 சதவீதம் பேர் முடித்திருந்தார்கள். இதற்குச் சிலர், நூலகத்துக்குள் வந்தவர் எல்லாம் முழுப் புத்தகத்தையும் படிக்க வேண்டுமா, வேண்டியதைப் பார்த்துவிட்டுப் போனால் அதுவும் லாபம்தானே என்று பதில் சொல்கிறார்கள். ஏற்கெனவே பட்டம் வைத்திருப்பவர் விஷயத்தில் அது சரி. முதல் தலைமுறைப் படிப்பாளிக்கு அந்தப் பதில் போதாது. பாதியில் விட்ட படிப்பு அவருக்குள் ‘எனக்குப் படிப்பு ஏறாது’ என்ற பழைய எண்ணத்தைத்தான் இன்னும் ஒருமுறை உறுதி செய்யும். இன்னொரு மறுப்பும் எழும்: பணம் கட்டுபவர்கள் ஏற்கெனவே உறுதி படைத்தவர்கள், ஆகவே 46 என்பது கட்டணத்தின் பலன் ஆகாது. இதையும் ஏற்கிறேன். கட்டணம் மட்டும் யாரையும் முடிக்க வைக்காது. ஆனால் வித்துவான் தேர்வு, கரஸ், என்பிடெல் என்று மூன்று வேறு காலங்களிலும் தேதியும் தேர்வுக்கூடமும் இருந்த இடத்தில்தான் படிப்பு நிலைத்தது என்பதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியவில்லை. 2020-ல் தொடங்கிய சென்னை ஐஐடியின் இணையவழிப் பட்டப்படிப்பும், பாடத்தைத் திரையில் கொடுத்துவிட்டுத் தேர்வுக்கு மட்டும் நேரில் வரச் சொல்கிறது.

தேர்வைச் சுற்றியே எல்லாம் அமைந்தால் மனப்பாடமும் காப்பியும்தானே மிஞ்சும் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களின் அச்சத்துக்குக் கல்லூரிகளில் ஆதாரம் இருக்கிறது. ஒரு பருவத்தின் பாடங்களில் 20 சதவீதம்வரை ஸ்வயம் வழியே படிக்கலாம் என்று 2016-ல் மானியக் குழு அனுமதித்தது, 2021-ல் அதை 40 சதவீதமாக உயர்த்தியது. மதிப்பெண்ணுக்காகச் சேரும் கூட்டம் பெருகியதும், வார வினாக்களின் விடை வாட்சப் குழுவில் சுற்றுவதும் வழக்கமாயிற்று. ஆனால் வினாக்களைக் கூர்ந்து பார்த்தால், நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பயிற்சிக் கேள்வியில் விடை கடன் வாங்கியவர் 25-ல்தான் தேறுகிறார். 75-க்கு அவர் தனியாக உட்கார்ந்தாக வேண்டும். நேரில் நடக்கும் தேர்வு இங்கே நேர்மையைக் காக்கும் வேலையைச் செய்கிறது. அதை எடுத்துவிட்டால் மதிப்பு போய்விடும். சான்றிதழின் மதிப்பு போனால் அதிகம் இழப்பவர், காட்டுவதற்கு வேறு எதுவும் இல்லாத மாணவர்.

இன்னொரு மறுப்பு தொழிற்பேட்டைக்கே உரியது. காணொளி பார்த்து லேத் ஓட்ட முடியுமா, வெல்டிங் வைக்க முடியுமா? முடியாது. ஆனால் வேலையில் இருப்பவரிடம் இந்தக் கேள்வி தலைகீழாக நிற்கிறது. வார்ப்பாலையில் மோல்டிங் செய்பவரை எடுத்துக்கொள்வோம். மணலை ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் அழுத்தி, விரலைத் திறந்து, கட்டி உடையும் விதத்தைப் பார்த்தே ஈரம் அதிகமா குறைவா என்று அவர் சொல்லிவிடுவார். ஈரம் மிஞ்சிய மணலில் உருகிய உலோகத்தை ஊற்றினால் உள்ளே ‘புளோ ஹோல்’ விழும் என்பதும் அவருக்கு அனுபவத்தில் தெரியும். அந்தத் துளை ஏன் விழுகிறது என்பதைத்தான் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஈரம் நீராவியாகி வெளியேறப் பார்க்கிறது, மணல் நெருங்கி இறுகியிருந்தால் ஆவிக்கு வழியில்லை, உலோகம் உறையும்போது அது உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. உலோக வார்ப்பு பற்றிய பாடம் இதை ஒரு மணி நேரத்தில் விளக்கிவிடும். கல்லூரி மாணவருக்கு அந்த மணி நேரம் வெறும் படம். மோல்டருக்கு அது இருபது ஆண்டு கையறிவுக்குக் கிடைக்கும் காரணம். கை ஏற்கெனவே தேர்ந்திருக்கும் இடத்தில்தான் இணையப் பாடம் முழுப் பலன் தரும். இப்படிப்பட்ட பாடங்கள் பொறியியல் கல்லூரிகளுக்குள் இருக்கும் என்பிடெல் லோக்கல் சாப்டர்கள் வழியாகவே பெரிதும் புழங்குகின்றன. ஆலைக்குள் அவற்றைச் சொல்லிவிட ஒருவரும் இல்லை.

மொழியும் மதிப்பும் மீதமுள்ள தடைகள். பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கின்றன, சிலவற்றுக்குத் தமிழில் எழுத்து வடிவம் வந்திருக்கிறது, தேர்வு அநேகமாக ஆங்கிலம்தான். கரஸ் படிப்பில் தமிழ் வழியில் எழுதிப் பட்டம் வாங்க முடிந்தது, இந்த ஒரு விஷயத்தில் நாம் பின்னுக்குப் போயிருக்கிறோம். மதிப்பின் வரலாறு இன்னும் கசப்பானது. டிப்ளமாவோடு ஆலையில் சேர்ந்தவர்கள் வேலை பார்த்துக்கொண்டே எழுதிப் பொறியாளர் தகுதி பெற்ற ஏஎம்ஐஇ தேர்வுக்கு, 2013 மே 31-க்குப் பிறகு சேர்ந்தவர்கள் விஷயத்தில் பட்டத்துக்கு இணை என்ற அங்கீகாரம் நின்றுபோனது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராகப் பெற்ற பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009-ல் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. தரத்தைக் காக்க வேண்டும் என்ற நியாயம் இவற்றின் பின்னால் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு கதவு அடைபட்டபோது, பகலில் உழைத்து இரவில் படித்தவர்தான் வெளியே நின்றார். அந்த நினைவு இருக்கும் ஊரில், ‘இந்தச் சர்டிபிகேட் எங்கே செல்லும்?’ என்று ஒரு தொழிலாளி முதலில் கேட்டால் அதை ஆர்வக்குறைவு என்று எண்ணக் கூடாது. அனுபவம் கற்றுக்கொடுத்த கேள்வி அது.

ஆக, இன்னும் ஆயிரம் காணொளிகள் சேர்ப்பதால் இந்த மாணவரின் நிலை பெரிதாக மாறப்போவதில்லை. பாடம் அவர் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. வரவேண்டியது மற்றவை, அவற்றுக்குப் புதிதாகக் கட்டடம் எழுப்பவும் அவசியமில்லை. எஸ்.ஆர். ரங்கநாதனின் முயற்சியால் 1948-ல் பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். கிளை நூலகங்களின் வாசல் முதல் ஷிப்ட் முடிந்து வருபவருக்கும் இரண்டாம் ஷிப்டுக்குப் போகுமுன் வருபவருக்கும் திறந்திருக்கலாம். அங்கே நான்கு மேசை, நல்ல இணையம், வாரம் ஒருமுறை வந்து உட்கார ஓர் ஐடிஐ ஆசிரியர் போதும். கும்மிடிப்பூண்டியிலேயே ஒரு தேர்வுக்கூடம், வேலை நாளிலும் ஒரு தேர்வு, தமிழில் ஒரு வினாத்தாள், தேர்வெழுதப் போகிறவருக்குக் கூலி பிடிக்காத ஒரு நாள் விடுப்பு, தேறியவரின் சான்றிதழைப் பதவி உயர்வில் கணக்கிடுவோம் என்று ஆலைகள் தரும் எழுத்து உறுதி ஆகியவை இதோடு சேர வேண்டும். ஆலைத் தொழிலாளியும், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வளர்ந்த இளைஞரும், ஒடிசாவிலிருந்து வந்து இங்கே உலை முன் நிற்பவரும் அந்த மேசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். திருப்பத்தூரில் ஒரு முன்னாள் எழுத்தருக்கு ஓர் ஆசிரியரும் ஒரு தேர்வு நாளும் 1930-களிலேயே கிடைத்தன. அவை கும்மிடிப்பூண்டி மோல்டருக்கு இன்று கிடைக்காமல் போவதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.